த்ரீ நாட் த்ரீ வெற்றுக் கூடு காட்டும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஆஸ்திரேலியாவில் உரிமம் பெற்றுச் சுடுகளத்தில் பயிற்சி செய்யும் என் தம்பி மகன், ஒரு நாள் இரவு கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்று, அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, கத்தியால் அறுத்ததுபோல் இரண்டு துண்டாகக் கிடந்தது. "பெரியப்பா, துப்பாக்கி பழசாயிடுச்சா?" என்று கேட்டிருந்தான். படையில் ஆயுதம் பழுது பார்ப்பவனாக இருந்து, ஓய்வுக்குப் பின் சேலத்தில் கோரிமேட்டுப் பக்கம் குடியிருக்கும் எனக்கு அந்தத் துண்டைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. கோளாறு துப்பாக்கியில் இல்லை; சுட்ட கூட்டை மீண்டும் அளவுக்குக் கொண்டுவர அவன் வீட்டுப் பிரஸ்ஸில் (கைநெம்பு அழுத்தக் கருவியில்) திருகி வைத்திருந்த டையில், அதாவது அச்சில், இருந்தது. அன்று தொடங்கி அவன் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் சேர்த்து, மறுநிரப்பு, அதாவது சுட்ட கூட்டில் புது மருந்தும் குண்டும் நிரப்பும் வேலை, செய்யும் தமிழர் எவருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். .303 (த்ரீ நாட் த்ரீ) தோட்டாவில் நேரும் கோளாறுகளில் பெரும்பகுதி துப்பாக்கி செய்வதல்ல, மறுநிரப்புபவர் தாமே செய்துகொள்வது என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட குழல் விட்டம். அதனால்தான் இச்சாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கென .315 விட்டத்தில் தனியாகத் துப்பாக்கி செய்தது, சேர்வராயன் மலைத் தோட்ட உரிமையாளர்களில் சிலர் வைத்திருப்பதும் அதைத்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் உறுப்புகளும் அச்சட்டத்தில் தோட்டா என்றே கொள்ளப்படுகின்றன. ஆகவே கீழே வரும் மறுநிரப்புக் குறிப்புகள், அதற்குச் சட்டம் இடம் தரும் நாட்டில், உரிமத்தோடு செய்பவர்களுக்கு மட்டுமே உரியவை. வெடிமருந்தின் அளவை இங்கே ஓரிடத்திலும் சொல்லப்போவதில்லை; அதை மருந்து தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

வரலாறு தெரியாமல் இந்தத் தோட்டாவின் நோய் விளங்காது. 1888-ல் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியோடு பிரிட்டிஷ் படை இதை ஏற்றபோது உள்ளே இருந்தது கரிமருந்து. குண்டு 215 கிரெய்ன் எடையுள்ள உருண்டை மூக்குக் குண்டு. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கார்டைட் என்ற புகை குறைந்த குச்சி மருந்து வந்தது. அதன் சூட்டில் மெட்ஃபோர்டு குழலின் உள்சுவரில் சுருளாக ஓடும் ஆழமில்லாத வரிப்பள்ளங்கள் அரித்துப்போகவே, 1895-ல் ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. 1910-ல் வந்த மார்க் 7 தோட்டாதான் நாம் எல்லோரும் அறிந்தது: 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டு, விநாடிக்கு 2440 அடி வேகம். இரண்டு உலகப் போர்களிலும், பிறகு நம் காவல் நிலையங்களிலும் என்.சி.சி. பயிற்சி மைதானங்களிலும் 'த்ரீ நாட் த்ரீ' என்று பெயர் பெற்றது இதுவே.

இந்த வரலாறு முழுவதிலும் மாறாமல் இருந்தவை இரண்டு. ஒன்று, கூட்டின் அடியில் உள்ள விளிம்பு. தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் அது அமரும் அறைக்குள், எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது. மற்றொன்று, தாராளமான சேம்பர். போர்க்களத்துச் சேறு படிந்த தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக, கூட்டின் தோளுக்கு (உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவுக்கு) முன்னால் இடம் விட்டே சேம்பரைக் கடைந்தார்கள். ஒரே முறை சுட்டு எறிந்துவிடும் சிப்பாய்க்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அதே கூட்டைப் பத்து முறை பயன்படுத்த நினைப்பவருக்குத்தான் அது வினையாகிறது.

அறிகுறி: அடியை ஒட்டிப் பளபளக்கும் வளையம், அல்லது கூடு இரண்டாக அறுந்து வருதல்

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்ட கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான். சுடும்போது மெல்லிய மேற்பகுதி விரிந்து சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது; தடித்த அடிப்பகுதி விரியாது, அழுத்தத்தால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் போய் அமர்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வதால் சுடும் கணத்தில் அதுவும் சிறிது நெளிந்து கொடுக்கிறது. அந்த நெளிவும் இழுப்போடு சேர்ந்துகொள்கிறது. விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 0.064 அங்குலம், போல்ட்டின் முகத்துக்கும் விளிம்பு முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையே படையின் அளவுகோல் 0.074 அங்குலம் வரை இடைவெளியை அனுமதித்தது. எனவே நல்ல துப்பாக்கியிலேயே ஆயிரத்தில் 10 பங்கு அங்குலம் ஆட்டம் இருக்கலாம், மெல்லிய விளிம்புள்ள கூடு என்றால் அதற்கும் மேலே.

முதல் முறை சுட்டதும் கூட்டின் தோள் முன்னால் போய் சேம்பரின் தோளோடு ஒட்டி நிற்கும். அந்தக் கூடு இப்போது அந்தத் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. அதை அப்படியே விட்டால் அடுத்த முறை இழுபட இடமில்லை. ஆனால் டையோடு வரும் தாள், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் கூடுபிடியை டை தொடும்வரை கீழே திருகச் சொல்கிறது. அப்படிச் செய்தால் முன்னால் போன தோள் மீண்டும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சுடும்போது முன்னால், பிரஸ்ஸில் பின்னால் என்று ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துப் பித்தளை மெலிந்துகொண்டே வந்து, நான்காம் ஐந்தாம் முறையில் அறுந்துவிடுகிறது.

சோதிக்கும் முறை எளிது. மெல்லிய கம்பி ஒன்றின் நுனியைக் கூராக்கி, சிறு கொக்கிபோல் வளைத்து, வெற்றுக் கூட்டுக்குள் அடிவரை விட்டுச் சுவரை உரசியபடி மெல்ல மேலே இழுங்கள். அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது விரலுக்குத் தெரிந்தால், அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. வெளியில் தெரியும் பளபளப்பை மட்டும் கண்டு முடிவு செய்யாதீர்கள். கூடு விரிந்த பகுதியும் விரியாத பகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு எல்லாக் கூட்டிலும் விழும். உள்பள்ளமே உறுதியான சான்று.

தீர்வு, டையை மேலே ஏற்றுவது. ஒரு முழுச் சுற்று பின்னுக்குத் திருகிவிட்டு, கேப்பும் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் இல்லாத வெற்றுக் கூட்டின் கழுத்தையும் தோளையும், மருந்து வைத்திருக்கும் அறையில் அல்லாமல் வேறிடத்தில், அகல் விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவைத்து டைக்குள் விட்டு எடுங்கள். எதுவரை கரி உரசிப் போயிருக்கிறதோ அதுவரை டை தொட்டிருக்கிறது. கழுத்து முழுக்க உரசி, தோளை அது தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் டையைப் பூட்டிவிட வேண்டும். ஒரே துப்பாக்கிக்கு மட்டும் பயன்படுத்துபவர், கழுத்தை மட்டும் இறுக்கும் டையை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. புதுக் கூட்டை முதன்முறை சுடும்போது, விளிம்புக்கு முன்னால் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டினால், அது கூட்டைப் பின்னால் போல்ட்டோடு அணைத்துப் பிடித்து முதல் இழுப்பையே தடுக்கும். .303 ஆட்கள் வெகுகாலமாகச் செய்துவரும் உபாயம் இது, நன்றாகவே வேலை செய்கிறது. இவற்றுக்குப் பிறகும் கூடு அறுந்தால் அப்போதுதான் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டும். 4-ஆம் எண் லீ-என்ஃபீல்டுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்டு நீளத்தில் வேறுபடும் போல்ட் தலைகள் அந்த இடைவெளியைச் சரிசெய்யவே செய்யப்பட்டன.

தம்பி மகன் டையை ஏற்றிப் பூட்டினான். அதே துப்பாக்கியில் அவனுடைய கூடுகள் இப்போது ஏழாவது முறையைத் தாண்டி நிற்கின்றன.

அறிகுறி: கேப் அடியிலிருந்து வெளியே துருத்தி நிற்றல்

இதைக் கண்டதும் அழுத்தம் கூடிவிட்டது என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. கேப் வெடிக்கும்போது முதலில் அது பின்னால் நகர்ந்து போல்ட்டைத் தொடுகிறது. பிறகு அழுத்தம் ஏறி, கூட்டின் அடியும் பின்னால் வந்து கேப்பை மறுபடி தன் குழிக்குள் வாங்கிக்கொள்கிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் அடி பின்னால் வருவதே இல்லை, கேப் வெளியே நின்றுவிடுகிறது. ஆகவே இந்த அறிகுறி, மருந்தின் விசை குறைவாக இருக்கிறது என்பதையும், போல்ட்டுக்கும் கூட்டுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மேலே சொன்ன டைத் திருத்தமே இதற்கும் தீர்வு.

அறிகுறி: போல்ட் தூக்க முடியாமல் இறுகுதல்

.303 கூடு அடியிலிருந்து தோள்வரை நன்றாகச் சரிந்து குறுகும் வடிவம் கொண்டது. அதனால் சேம்பரிலிருந்து தானே நழுவி வந்துவிடும். அப்படிப்பட்ட கூடே இறுகுகிறது என்றால் அதைச் சிறியதாக நினைக்கக் கூடாது. சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். கேப் தட்டையாகி விளிம்பு வரை பரவியிருக்கிறதா, ஊசி பட்ட குழியைச் சுற்றி உலோகம் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருந்து அதிகம். மீதமுள்ள தோட்டாக்களைப் பிரித்து, அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து மீண்டும் ஏறிவர வேண்டும். காலையில் சரியாக இருந்து நண்பகலில் மட்டும் இறுகினால், வெயிலில் கிடந்த தோட்டாவில் மருந்து சூடேறி வேகமாக எரிகிறது என்று பொருள். சேலத்து மே மாத வெயிலில் பயிற்சிக் களத்து இரும்புப் பெட்டியைத் தொட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டாவை நிழலில் வையுங்கள், சுட்டுச் சூடேறிய சேம்பரில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

கேப்பில் குற்றமில்லை என்றால் எண்ணெயைத் தேடுங்கள். சேம்பரிலோ கூட்டிலோ எண்ணெய் இருந்தால், கூடு சுவரைக் கவ்வ முடியாமல் முழு விசையும் போல்ட்டின்மேல் விழுகிறது. டைக்காகப் பூசிய மசகை ஒவ்வொரு கூட்டிலிருந்தும் துடைத்தெடுத்த பிறகே மருந்து நிரப்ப வேண்டும். கூடு நீண்டு, 2.222 அங்குலத்தைத் தாண்டியிருந்தாலும் அதன் வாய் குண்டை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும். அளந்து நறுக்குவதை ஒரு முறையும் தவறவிடாதீர்கள்.

அறிகுறி: கழுத்தில் அல்லது உடலில் நெடுக்கு வெடிப்பு (விரிசல்)

வெடிப்பு எப்போது தோன்றியது என்பதே முதல் கேள்வி. சுட்ட பிறகு கழுத்தில் தோன்றியது என்றால் காரணம் எளியது: விரித்தும் இறுக்கியும் பித்தளை விறைத்துப்போய்விட்டது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க அது முறுக்கேறி விறைக்கும், இடையிடையே காய்ச்சி இளக்காவிட்டால் ஒடியும். பித்தளையும் அப்படியே. மூன்று நான்கு முறை சுட்ட கூட்டைத் தண்ணீர்த் தட்டில் பாதி உயரம் மூழ்க நிறுத்தி, கழுத்தையும் தோளையும் மட்டும் சுடரில் காட்டி, நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரில் சாய்த்துவிட வேண்டும். இருட்டறையில் கூடு சிவந்து ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது. அடிப்பகுதி ஒருபோதும் சூடேறக் கூடாது. அங்கே இளகிய கூடு அழுத்தத்தைத் தாங்காது, அதை மறுபடி பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து.

சுடாமலேயே, பெட்டியில் கிடந்தபடியே விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை என்னை அழைத்தார். பழைய பங்களாவின் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில், துருவேறிய தகரப் பெட்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்கள் இருந்தன. கையால் தொடாமல் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். தோளிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போன்ற கோடுகள். ஒன்றில் கழுத்தே இதழ் விரிந்ததுபோல் பிளந்து, உள்ளே சேமியாபோல் வெளிர்பழுப்பு நிறத்தில் கார்டைட் குச்சிகள் தெரிந்தன. வெடிப்பின் விளிம்புகளில் நீலப்பச்சைக் களிம்பு. ஈரமான காற்றில் கொட்டகையின் கோமிய நெடி மூக்கில் ஏறியது.

அந்த நெடிதான் காரணம். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், மழை விட்டதும் எடுத்துப் பார்த்தபோது விரிசல் விட்டிருந்தன. பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். உண்மைக் காரணம் 1921-ல்தான் விளக்கப்பட்டது: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி, செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கொண்ட பித்தளையில், இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளக்கிறது. அம்மோனியா, ஈரம், உள்ளிறுக்கம் மூன்றும் ஏற்காட்டு மாட்டுக் கொட்டகையில் ஒன்றாகவே இருந்தன.

இதற்குப் பழுது நீக்கம் கிடையாது; விரிசல் விட்ட கூட்டைக் கழிப்பதே வழி. வராமல் தடுக்கலாம். கூடுகளை எருக்குழி, யூரியா மூட்டை, கோழிப்பண்ணை ஆகியவற்றுக்கு அருகில் வைக்காதீர்கள். அம்மோனியா கலந்த பித்தளை மெருகு நீர்மத்தால் கூட்டைத் துலக்காதீர்கள். பளபளப்புக்காக அதைச் செய்பவர்கள் பலர், அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்காட்டுத் தோட்டாக்களைப் பொறுத்தவரை, பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு அறையைப் பூட்டிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கச் சொன்னேன், அவர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள். பழைய வீட்டில் வெடிக்காத தோட்டா கிடைத்தால் யாராயினும் செய்ய வேண்டியது இதுவே.

அறிகுறி: சொடுக்கிய பின் தாமதமாக வெடித்தல், அல்லது வெடிக்காமல் போதல்

பழைய படைத் தோட்டாவில் இது வயதின் கோளாறு. சொடுக்கென்ற ஒலி மட்டும் கேட்டால், குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் திறந்த போல்ட்டின் முன் முகத்தை வைத்திருக்கும்போது வெடிப்பதுதான் மிகக் கொடியது.

பழைய தோட்டாவைப் பிரித்து அதன் கார்டைட்டைப் புதுக் கூட்டில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நீலகிரியில் அருவங்காட்டில் 1903-ல் ஒரு தனித் தொழிற்சாலையே எழுப்பும் அளவுக்கு இந்த மருந்து முக்கியமானது. ஆனால் அது மறுநிரப்புக்கு உரியதன்று. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் வாஸ்லினும் பிசைந்து கம்பியாக இழுத்த குச்சிகள் அவை. கூட்டின் கழுத்தைக் குறுக்கும் முன்பே கற்றையாக உள்ளே வைத்து, பிறகே கழுத்தை அழுத்தினார்கள். வயதான கார்டைட் எப்படி எரியும் என்பதற்கு எந்த அட்டவணையும் உறுதி தராது.

உங்கள் சொந்த நிரப்பில் இது நேர்ந்தால், கேப் குழியின் அடிவரை அமரவில்லை என்பதே முதல் சந்தேகம். விரலால் தடவிப் பாருங்கள்; கேப் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். விரல்களில் எண்ணெயோடு கேப்பைத் தொட்டிருந்தாலும் அது செத்துப்போகும்.

அறிகுறி: மறுநாளே குழலில் துரு

மறுநிரப்பிய தோட்டாவில் இன்றைய கேப் இருந்தால் இது வராது. பழைய படைத் தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் உண்டு; அது எரிந்து குழலுக்குள் ஓர் உப்பைப் படியவைக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதுபோல அந்த உப்பு மலைப் பனியிலிருந்து ஈரத்தை இழுத்து ஓரிரவில் இரும்பைத் தின்றுவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. சேம்பர் வழியாகக் கொதிநீரை ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே உலரவிட்டு, அதன் பின்னரே எண்ணெய் பூச வேண்டும். பழைய கேப்புகளில் பாதரசமும் இருந்தது. அது பித்தளையை நொறுங்கச் செய்வதால் அவ்வகைக் கூடுகளை மறுநிரப்புக்கு எடுக்கவே கூடாது.

அறிகுறி: குண்டுகள் சிதறுதல், தாளில் பக்கவாட்டாகத் துளைத்தல்

பெயர் .303 என்றாலும் குண்டின் விட்டம் 0.311 முதல் 0.312 அங்குலம்; .308 குண்டை வாங்கிப் போட்டவர்களுக்குத் தாளில் நீள்துளை விழும். போர்க்காலக் குழல்கள் இன்னும் அகலமாகவும் இருக்கும். மென்மையான ஈயக் குண்டைக் குழலில் தட்டி ஓட்டி அளப்பது முறை. ஆனால் ஐந்து பள்ளக் குழலில் ஒரு பள்ளத்துக்கு எதிரே மற்றொரு பள்ளம் இல்லாததால் சாதாரண அளவி பொய் சொல்லும், வி வடிவக் கட்டையில் வைத்தே அளக்க வேண்டும். தேய்ந்த குழலுக்குப் பின்பக்கம் குறுகிய படகு அடிக் குண்டைவிடத் தட்டை அடிக் குண்டே ஒத்துப்போகும்.

இன்னும் இரண்டு சிறு அறிகுறிகள் உண்டு. கேப் தள்ளும் ஊசி முதல் கூட்டிலேயே வளைந்தால், உள்ளே நடுத்துளை இல்லாமல் இரண்டு துளைகள் கொண்ட பெர்டான் கூடு அது. படைக் கூடுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். விளக்கடித்து உள்ளே பார்த்துத் தனியே பிரித்துவிட்டு, நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் கூடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேகசினிலிருந்து தோட்டா மேலே ஏறாமல் சிக்கினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. மேகசினை வெளியே எடுத்து, ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் வரும்படி அடுக்கி மறுபடி மாட்டினால் போதும்.